ஒவ்வொரு ஞாயிறும் மறந்துபோகும் கம்ப்யூட்டர்

அவனை நான் கைக்கடிகாரம் வைத்து அளந்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு விநாடி. அதற்கு அடுத்த ஞாயிறு ஐம்பத்தொன்று. மழையில் நனைந்து வந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த அன்று மட்டும் ஒரு நிமிடம் நான்கு விநாடி. அந்த நேரத்துக்குள் எங்கள் கோயில் கம்ப்யூட்டர் மறந்துபோன அத்தனையையும் அவன் அதற்குத் திரும்ப வைத்துக் கொடுத்துவிடுவான். வியப்பில்தான் அளந்தேன் என்று எழுத ஆசை. பத்திரிகையில் இருபது வருடம் பிறர் எழுதியதைத் திருத்திப் பிழைத்தவன் நான். என் வாக்கியத்தையும் திருத்தியாக வேண்டும். பொறாமையில் அளந்தேன்.

கோயில் மண்ணூர்பேட்டையில், தொழிற்சாலைகள் நிறைந்த எஸ்டேட்டின் மதில் முடிகிற இடத்தில் இருக்கிறது. சபையில் பாதிப்பேர் ஆவடி தொழிற்சாலையில் வேலைபார்த்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள். திருநெல்வேலி, நாகர்கோவில், வேலூர் என்று ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு பேச்சு. பாட்டுப் புத்தகத்தின் எழுத்து கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு புரொஜெக்டர் வாங்கினார்கள். பாட்டு வரிகளைச் சுவரில் காட்டுகிற இலவச ப்ரோகிராம் ஒன்றை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அதற்கான மேசையைக் கடைசி பெஞ்சுக்கும் பின்னால் போட்டார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப வேண்டும்.

அந்த ப்ரோகிராமுக்கு ஒரு குணம் உண்டு. எழுத்தின் அளவு, ஒரு தடவைக்கு எத்தனை வரி, பின்னணி நிறம், எந்தத் திரையில் காட்டுவது என்று நாம் வைப்பதையெல்லாம், முறையாக மூடும்போதுதான் அது எழுதிவைத்துக்கொள்ளும். சட்டென்று நின்றுபோனால் ஒன்றும் மிஞ்சாது. மறுமுறை திறந்தால், இன்றைக்குத்தான் பிறந்ததுபோல் இருக்கும்: தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வரும், வெள்ளைப் பின்னணி கண்ணைக் கூசும், வரிகள் புரொஜெக்டருக்குப் போகாமல் மேசையிலேயே நிற்கும்.

எங்கள் கோயிலில் அது ஒருநாளும் முறையாக மூடப்பட்டதில்லை. ஆசீர்வாதம் முடிந்து சபை கடைசி ஆமென் சொல்லி வாயை மூடுவதற்குள் கோயில் ஊழியர் மெயினை இறக்கிவிடுவார். பதினெட்டு மின்விசிறி வீணாக ஓடக்கூடாது என்பது அவர் கொள்கை. அந்த வேகத்துக்காக ஆயர் அவரைப் பாராட்டியும் இருக்கிறார். யு.பி.எஸ். பாட்டரி செத்து வெகுகாலம். கமிட்டி அதை 'அடுத்த கூட்டத்தில்' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதிவைக்கும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் கடைசி ஆமெனோடு கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துபோகும். அடுத்த ஞாயிறு காலை அவன் வந்து உட்காருவான்.

இருபத்தைந்து, இருபத்தாறு வயது. எஸ்டேட்டில் ஒரு சி.என்.சி. பட்டறையில் மெஷின் ஓட்டினான். மெஷின் சூட்டைத் தணிக்க ஊற்றுகிற கூலண்டின் வாடை, எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாமல் அவன்மேல் இருக்கும். பேச்சு மண்ணூர்பேட்டைப் பேச்சு. சபைப் பெரியவர்களில் சிலருக்கு அது கொஞ்சம் கூச்சம். கோயிலுக்குள்ளே அப்படிப் பேசுகிறானே என்று. பெயரை எழுதப்போவதில்லை. எல்லோரும் 'தம்பி' என்றார்கள், அதுவே போதும்.

என் அப்பாவும் தம்பி என்றார். அதைச் சொல்ல அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா முப்பத்தேழு வருடம் தொழிற்சாலையில் இருந்தவர், பாளையங்கோட்டைக்காரர், குரல் பெரியது. ஒரு விடியற்காலை பக்கவாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. நடை ஓரளவு திரும்பியது. பேச்சில் திரும்பியது மூன்றே சொல்: ஆமா, போதும், தண்ணி. நான் பிறந்தது முதல் என்னை 'ஏலே' என்று கூப்பிட்டவர். அந்தச் சொல் வரவேயில்லை. எட்டு மாதம் கழித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். இடப்பக்கம் மூன்றாம் பெஞ்சில், தொழிற்சாலையில் அவரோடு வேலைபார்த்த நாகர்கோவில் பெரியவர் பக்கத்தில் உட்காரவைத்தேன். இரண்டாவது பாட்டில் ஒரு குரல் கேட்டது. முழு வரி, சொல் சிதையாமல், ராகத்தோடு. பக்கத்து பெஞ்சுக்காரர்கள் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா சுவரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் கேட்டேன். சிலருக்கு அப்படி நடக்கும், பேசுகிற வழி அடைத்துக்கொண்டாலும் பாடுகிற வழி திறந்திருக்கும் என்றார். அதற்குப் பிறகு வாரத்தில் ஆறு நாள் வீட்டில் மூன்று சொல், ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் அப்பாவின் பழைய குரல். நான் வாரம் முழுவதும் அதற்காகத்தான் காத்திருந்தேன். என் வார விடுமுறையைப் புதன்கிழமையிலிருந்து ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டதும் அதற்காகத்தான்.

மூன்று மாதத்தில் நான்காவது சொல் ஒன்று வந்தது. ஆராதனை முடிந்து நான் ஆட்டோ பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அவன் அப்பாவின் கையைப் பிடித்துப் படியில் இறக்கிக்கொண்டிருந்தான். அப்பா அவனைப் பார்த்து, வாயைக் கோணி, முயன்று, "தம்பி" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும் எனக்கு. அந்தச் சொல் எனக்கானது அல்ல என்பதுதான் முதலில் பட்டது.

இத்தனைக்கும் அவனுக்கு ஞாபகசக்தி கிடையாது என்பது ஊரறிந்தது. எதிர்க்கடையில் நான்கு வருடமாக எங்கள் கூட்டத்துக்கு டீ வாங்கி வருபவன் அவன்தான். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொருவராகக் கேட்பான்.

"அண்ணா, சக்கரை எப்டி?"

"ஏம்ப்பா, போன வாரம்தானே பாதி சக்கரைன்னு சொன்னேன்" என்பார் கமிட்டிச் செயலர்.

"அது போன வாரம் சார். இந்த வாரம் இன்னா?"

"இந்த வாரமும் பாதிதான்!"

"சரி சார். கோச்சுக்காதீங்க. அடுத்த வாரமும் கேப்பேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். செயலர் மட்டும் என் பக்கம் சாய்ந்து, "மண்டையில ஒண்ணும் நிக்காது சார் இவனுக்கு" என்பார். அப்பாவிடமும் அப்படித்தான். படியில் இறங்கும்போது இடதுகையைத்தான் பிடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். வலது கைதான் விளங்காதே. இருந்தாலும் எதிரே நின்று இரண்டு கையையும் நீட்டுவான். "இன்னிக்கு இன்னா மாமா, எந்தக் கை?" அப்பா இடது கையைத் தூக்குவார். ஒருமுறை, ஒரே ஒருமுறை, வலது கையைத் தூக்க முயன்றார். இரண்டு அங்குலம் வந்தது. அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓகே மாமா, இன்னிக்கு இவுரு" என்றான். நான் ஆட்டோவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாடகம் என்று நினைத்தேன்.

டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று நினைவில் வைக்காதவன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ஐம்பத்தெட்டு விநாடியில் அத்தனையும் மனப்பாடமாக எப்படி வைக்கிறான்? இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொய் வேண்டியிருந்தது.

கமிட்டியில் என்னையும் போட்டிருந்தார்கள், சபை இதழைப் பார்த்துக்கொள்வதற்காக. அவன் நைட் ஷிப்ட் முடித்து நேரத்துக்கு வந்து சேர முடியாத ஒரு ஞாயிறு, கம்ப்யூட்டர் வேலைதானே என்று நான் மேசையில் உட்கார்ந்தேன். ஆராதனை தொடங்கும்போது சுவரில் கட்டம் கட்டமாக நின்றது. தமிழ் எழுத்தைப் பிடித்தேன். பின்னணியும் எழுத்தும் ஒரே வெள்ளையில் நின்றன. நிறத்தை மாற்றினேன், சுவரிலிருந்து எல்லாம் மறைந்து என் மேசைக்கு வந்துவிட்டது. பாடகர் குழு எழுந்து நிற்கிறது, ஆயர் என்னைப் பார்க்கிறார், சபை திரும்பி என்னைப் பார்க்கிறது. பதினொரு நிமிடம். எட்டு மணிக்குப் பக்கத்தை முடிக்காவிட்டால் அச்சகம் நிற்கும் என்கிற வேலையில் இருப்பவன் நான். என் வாழ்க்கையில் பதினொரு நிமிடம் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

அப்போது பட்டறைச் சட்டையோடு அவன் உள்ளே வந்தான். நேராக வீட்டுக்குப் போகாமல் வந்திருக்கிறான். "நகருங்கண்ணா" என்று கூடச் சொல்லவில்லை. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டி, தட்டினான். சுவரில் பாட்டு வந்தது. முன்னாலிருந்து ஒரு அம்மாள், எனக்குக் கேட்காது என்று நினைத்து, "தம்பி கைய வெச்சாத்தான் வரும்" என்றார்.

"அதெல்லாம் எழுதிக் குடு. அடுத்த தடவை நானே வெச்சுக்கறேன்" என்று பிறகு கேட்டேன்.

"எழுதிக் குடுத்தா சரியா வராதுண்ணா."

"ஏன்?"

தலையைச் சொறிந்தான். "தெர்ல. வராது."

தொழில் ரகசியத்தைக் காப்பாற்றுகிறான் என்று முடிவுகட்டினேன்.

அதற்கடுத்து, காய்கறியும் தானியமும் காணிக்கையாக வந்து ஏலம் போகிற அறுப்பின் பண்டிகை. கோயில் நிறைந்திருந்தது. மூன்றாம் பாட்டின் நடுவே, யாரோ கொடுத்த பென்டிரைவை ஏற்றியதில் ப்ரோகிராம் சட்டென்று நின்றுபோனது. சுவரில் பாட்டு போய், கம்ப்யூட்டரின் நீல முகப்பு நின்றது. பாட்டு தடுமாறியது. அவன் எழுந்து நின்றான். கை கீபோர்டில் இருக்க, கண் வேறெங்கோ இருக்க, அடுத்த வரியை உரக்கச் சொன்னான். சபை அதைப் பாடியது. அதற்கடுத்த வரியைச் சொன்னான். இன்னா, கீது என்று பேசுகிற வாயிலிருந்து அந்தப் பழைய தமிழ் அட்சரசுத்தமாக வந்தது. நான்கு வரி சொல்லி முடிப்பதற்குள் சுவரில் ஐந்தாவது வரி வந்துவிட்டது. ஒருவரும் பாட்டை விடவில்லை. என் கடிகாரத்தில் நாற்பத்தாறு விநாடி. பண்டிகை ஏலத்தில் நான் எடுத்த பூசணிக்காயைக்கூட மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், அவ்வளவு வயிற்றெரிச்சல்.

அன்றிலிருந்து இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, அந்த ப்ரோகிராமை வீட்டில் ஏற்றி ஆராய்ந்தேன். முறையாக மூடினால் எல்லாம் நிற்கும் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். கோயில் ஊழியர் மெயினை இறக்குவதற்கு முன்னால் ஒருமுறை மூடினால் போதும். ஒரே ஒரு சொடுக்கு. இவ்வளவு நாள் நாங்கள் கண்டு மலைத்த வித்தை ஒன்றுமே இல்லை!

இரண்டாவது, நான்கு ஞாயிறு தொடர்ந்து, பிரசங்கத்தின்போது அவன் டீ சொல்லிவைக்கப் போன நேரம் பார்த்து, அவன் திரையை என் போனில் படமெடுத்தேன். வீட்டில் வைத்து ஒப்பிட்டேன். முதல் வாரம் எழுத்தின் அளவு அறுபது, இரண்டு வரி. அடுத்த வாரம் நாற்பத்துநான்கு, நான்கு வரி. மூன்றாம் வாரம் ஐம்பத்தாறு, திரும்ப இரண்டு வரி. நான்காம் வாரம் எழுபத்திரண்டு. பின்னணி கூட நீலத்திலிருந்து கறுப்பாகியிருந்தது. ஒரு வாரம்போல் ஒரு வாரம் இல்லை. மனப்பாடமாவது ஒன்றாவது. கைக்கு வந்ததை வைத்துவிட்டுப் பேர் வாங்குகிறான். பொய் அகப்பட்டுவிட்டது.

கமிட்டியில் நான்கு படத்தையும் வரிசையாக வைத்தேன். குரலை உயர்த்தவில்லை. ஆதாரம் கையில் இருக்கும்போது உயர்த்தத் தேவையில்லை.

"வாரத்துக்கு ஒண்ணுன்னா எப்படி? ஒரு ஒழுங்கு வேண்டாமா?" என்றார் செயலர். படத்தின் மூலையைத் தொட்டுக் காட்டினார். "இதென்ன சார்?"

கோயிலில் மைக் செட் திருடுபோன பிறகு மூன்று சிசிடிவி காமிரா வைத்திருந்தார்கள். அதன் படமும் இதே கம்ப்யூட்டரில்தான் தெரியும். நான்கு புகைப்படத்திலும் திரையின் மூலையில் அந்தப் படம் சின்னதாகத் திறந்திருந்தது.

"ஆராதனை நேரத்துல இதை ஏன் தொறந்து வெச்சிருக்கான்? வயசுப் பையன். எதைப் பார்க்கிறானோ, யாரைப் பார்க்கிறானோ" என்றார் செயலர்.

நான் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. ஊர்ஜிதமாகாததை 'கூறப்படுகிறது' என்று போட்டு நகர்ந்துவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றும் நகர்ந்துவிட்டேன். இனி ஒரே அமைப்பு, எழுத்து நாற்பத்தெட்டு, நான்கு வரி, சிசிடிவி படம் மூடப்பட்டிருக்கும், பொறுப்பு என்னுடையது என்று தீர்மானம் எழுதினோம். எழுதியது நான்தான்.

அவனிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யாராவது சொன்னால் அந்த முகத்தை நான் பார்க்க முடியாமல் போய்விடும்.

"மூடி வெச்சா அப்படியே நிக்கும், தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணா."

எதிர்பார்க்கவில்லை. "தெரிஞ்சுமா வாரா வாரம் திரும்ப வெச்சுக்கிட்டிருந்தே?"

"எப்டியும் வந்து மாத்தத்தானே போறேன்னு உட்டுட்டேன்." பிறகு சிரித்தான். "நீங்க பாத்துக்கறதுன்னா நல்லதுதாண்ணா. எனக்கும் நைட் ஷிப்ட்டு ஜாஸ்தியாயிகினு கீது."

தோற்றவன் முகம் அப்படியா இருக்கும்? வெற்றியைக்கூட ஒழுங்காக எனக்குக் கொடுக்காமல் போனான்.

அடுத்த ஞாயிறு கம்ப்யூட்டரைத் திறந்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ஆசீர்வாதத்தின்போது, தலைகுனிந்து, ஒரு கையால் ப்ரோகிராமை மூடினேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. செயலர் என் கையைக் குலுக்கினார். அவன் இரண்டு வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடிவிட்டுப் போனான். பிறகு ஓசூரில் நல்ல வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "மாமா, ஓசூர் போறேன். வந்துடுவேன், இன்னா?" என்றான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான்தான் விரல்களை எடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, படியருகே நாகர்கோவில் பெரியவர் என்னை நிறுத்தினார்.

"மக்கா, அப்பாவுக்குச் சொகமில்லியா?"

"ஏன் மாமா, நல்லாத்தானே இருக்கார்."

"பாடவே மாட்டேங்காவளே. அஞ்சாறு வாரமாட்டு வாயே தொறக்கல்ல. மொத வரியத் தொடங்குதாவ, அப்புறம் கண்ணு அங்கயும் இங்கயும் போவுது, நிறுத்திருதாவ. நீ பின்னால இருக்க, ஒனக்குத் தெரியாதுல்லா."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வரியும் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் அப்பா பெஞ்சுக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து அவர் குரலைக் கேட்பேன். மேசை கிடைத்த பிறகு, சபையின் சத்தத்தில் அந்தக் குரலும் இருக்கிறது என்று நானே வைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். புதிதாக ஒன்றும் இல்லை என்றார். அடுத்த ஞாயிறு காலை, வேட்டியைக் கட்டிவிடக் குனிந்தபோது அப்பா என் கையைத் தள்ளினார். "போதும்" என்றார்.

அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போய் நான்கு வரி காட்டிவிட்டு வந்தேன். அன்று பிற்பகல், ஏன் என்று தெரியாமல், போனில் அந்த நான்கு படத்தையும் மறுபடி எடுத்தேன். எண்களைப் பார்க்கவில்லை. எண்கள் எனக்கு மனப்பாடம். மூலையில் இருந்த சிசிடிவி படத்தைப் பெரிதாக்கினேன். நான்கிலும் ஒரே காமிரா. பலிபீடத்தின் ஓரத்திலிருந்து இடப்பக்க பெஞ்சுகளின் முகங்களைப் பார்க்கிற காமிரா. ஆண்கள் உட்காரும் பக்கம். முதல் படத்தில், மூன்றாம் பெஞ்சில், அப்பா. மூன்றாவதில் அப்பா. நான்காவதில் அப்பாவோடு, முன் பெஞ்சுகளில், முதியோர் இல்லத்து வேனில் அன்று வந்து இறங்கிய வயதானவர்கள்; எழுத்து எழுபத்திரண்டு. இரண்டாவது படத்தில் அப்பா இடம் காலி. அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தார். அந்த ஒரு வாரம்தான் நான்கு வரி.

படத்தை எடுத்தவன் நான். அளவைக் குறித்தவன் நான். படத்துக்குள் என் அப்பா இருந்ததைப் பார்க்கவில்லை.

அவனுக்கு போன் செய்தேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது, வெளியே வந்துவிட்டான்.

"இன்னாண்ணா, எப்டி கீறீங்க? மாமா எப்டி கீறாரு?"

"இருக்கார். ஒரு விஷயம் கேக்கணும். அப்பாவுக்காக எழுத்து எவ்வளவு வைப்பே? அறுபதா, ஐம்பத்தாறா?"

"அதெல்லாம் ஞாபகம் இல்லியேண்ணா."

"விளையாடாதே. ஒரு நிமிஷத்துல அத்தனையும் மனப்பாடமா வைப்பியே."

"மனப்பாடமா? அய்ய, யாருண்ணா சொன்னது? கேமராவப் பாத்து வெப்பேன். மாமா வாய் நின்னுச்சுன்னா வரி ஜாஸ்தின்னு அர்த்தம், ஒண்ண எடுத்துடுவேன். கண்ணு சுருக்குனார்னா எழுத்து சின்னது. பெருசு பண்ணுவேன். ஒரு நாள் நல்லா கீறாரு, ஒரு நாள் டல்லா கீறாரு. அதுக்கு இன்னான்னு எழுதிக் குடுக்கறது?"

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

அவன் இன்னும் தள்ளி நடப்பது கேட்டது. அவனுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

"நீங்க புள்ளைண்ணா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுகினேன்."

நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு என்ன தோன்றியது என்பது நன்றாகத் தெரியும். வெட்கம் வந்தது, அதற்கு முன்னால் பொறாமை வந்தது. இரண்டு வருடம், ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம், என் அப்பாவின் வாயை இவன் பார்த்திருக்கிறான். எதற்காக என்று தேடினேன். காரணம் தேடுவது என் தொழில். அவன் அப்பா உயிரோடு, நன்றாக இருக்கிறார். எங்களிடமிருந்து ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. ஒரு காரணமும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பாவைத் திரும்பக் கிளப்ப இரண்டு வாரம் ஆயிற்று. நாகர்கோவில் பெரியவர் வீட்டுக்கே வந்து, "கிளம்பும் வே, ஒம்ம எடம் காலியாக் கெடக்கு" என்று கையைப் பிடித்து எழுப்பினார். அப்பாவை மூன்றாம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மேசைக்குப் போனேன். தீர்மானத்தை நானே மீறி, சிசிடிவி படத்தைத் திறந்தேன். அப்பாவின் முகம் தபால்தலை அளவில் இருந்தது. பெரிதாக்கினேன்.

முதல் பாட்டுக்கு அறுபதும் இரண்டு வரியும் வைத்தேன். வாய் அசையவில்லை. இரண்டாவது பாட்டுக்கு ஐம்பத்தாறு வைத்தேன். உதடு பிரிந்தது, மூடியது. கண் இரண்டாவது வரியின் நடுவில் நின்றுபோவது தெரிந்தது. வரியை உடைத்துச் சிறிதாக்கினேன். அடுத்ததை மாற்றாமல் காத்திருந்தேன். பாடகர் குழு முன்னால் போய்விட்டது, செயலர் திரும்பி என்னை முறைத்தார். காத்திருந்தேன். பல்லவி திரும்ப வந்தபோது அப்பாவின் தாடை இறங்கியது. படத்தில் சத்தம் வராது. ஆனால் எல்லோர் குரலுக்கும் அரை மாத்திரை பின்னால், மூன்றாம் பெஞ்சிலிருந்து, அந்தப் பெரிய குரல் வந்தது. கடைசிப் பாட்டு வரை நிற்கவில்லை. நான் ப்ரோகிராமை மூட மறந்துபோனேன். கோயில் ஊழியர் மெயினை இறக்கிவிட்டார்.

ஆட்டோவில் அப்பா என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். முகத்தில் வியர்வை. எஸ்டேட் சாலை முனையில் வண்டி நின்றபோது, என் தொடையில் கையை வைத்தார். வாயைத் திறந்தார், முகம் கோணியது, ஏதோ ஒன்றை வெகு தூரத்திலிருந்து இழுத்து வருவதுபோல் கழுத்து நரம்பு புடைத்தது. பக்கவாதம் வந்த பிறகு ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு பேசாதவர். யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்காதவர்.

"தம்பி… வந்துட்டானா?"

சிக்னல் விழுந்து, வண்டி கிளம்பி, அடுத்த திருப்பம் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாப்பா" என்றேன். "வந்துட்டான்."